மலை ஏறும் வண்டிக்கு எந்த ஃபேன்?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு)



நம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது பலரும் செயற்கை நுண்ணறிவு, மின்சாரக் கார், விண்வெளி என்று தலைப்பு கொடுத்தார்கள். நான் ஒரு பழைய அம்பாசடர் காரின் ரேடியேட்டர் ஃபேனைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் ஒரு நண்பன், "டேய், அந்த வண்டியே தயாரிக்கிறதை நிறுத்திட்டாங்க, நீ ஃபேனைப் பத்தி எழுதறியா?" என்று சிரித்தான். அவன் சொன்னது உண்மைதான். மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் 2014ஆம் ஆண்டு அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் எங்கள் கொல்லிமலையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் 1976ஆம் வருடத்து மார்க்-3 இன்னும் நிற்கவில்லை! மிளகு மூட்டை, பலாப்பழம், காய்ச்சல் கண்ட பிள்ளை, கல்யாணப் பெண் எல்லாம் அதில்தான் போகிறது.

அந்த வண்டிக்கு எந்த ஃபேன் நல்லது என்று அப்பாவுக்கு யோசனை சொன்னவன் நான். அந்த யோசனை தப்பு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

"படிச்ச புள்ள சொல்றான்"

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா இன்றைக்கும் கைநாட்டுதான். அப்பா கையெழுத்துப் போடுவார். தோட்டம் ஒன்றில் பல வருஷம் டிரைவராக இருந்து, பிறகு அந்த முதலாளியிடமே இந்த வண்டியை வாங்கினார். எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் சரியில்லை என்று சொல்லிவிடுவார். ஆனாலும் நான் டிப்ளமோ சேர்ந்த நாளிலிருந்து அவர் பேச்சு மாறிவிட்டது. "தம்பி, நீதான் படிக்கிறியே, நீ சொல்லு" என்பார். கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போன வருஷம் வண்டி மலை ஏறும்போது சூடாக ஆரம்பித்தது. இருபதாவது வளைவு தாண்டினாலே முள் எச் பக்கம் சாயும். அடிவாரத்தில் ஒரு கடையில், "எஞ்சின் ஃபேனைக் கழட்டி வீசிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போடுங்க, எல்லாம் சரியாயிடும். பெட்ரோலும் மிச்சம்" என்றார்கள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் அப்போது முதலாம் ஆண்டு முடித்திருந்தேன். "ஆமாங்கப்பா, இப்ப வர்ற கார் எல்லாத்துலயும் எலெக்ட்ரிக்தாங்க" என்றேன். படித்த பிள்ளை சொல்லிவிட்டான் அல்லவா! என் ஃபீஸுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் 3,500 ரூபாயை எடுத்துக் கொடுத்தார். காயலான் கடையிலிருந்து வந்த சின்னக் கார் ஃபேன் ஒன்று ரேடியேட்டரில் ஏறியது. டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். அவ்வளவுதான் வேலை.

நாற்பத்து மூன்றாவது வளைவு

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். நாற்பத்து மூன்று என்ற எண்ணை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

அக்காவுக்கு நாமக்கல்லில் பிரசவமாகி ஆறு நாள் ஆகியிருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அக்கா, குழந்தை, அம்மா, அப்பா, நான், இரண்டு பை. அடிவாரத்திலேயே இருட்டிவிட்டது. பாதி மலையில் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டன. ஹெட்லைட், வைப்பர், ஃபேன் மூன்றும் ஒன்றாக ஓடின. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. பிறகு ஏதோ கருகும் வாசனை. டேஷ்போர்டு சுவிட்ச் உருகி, ஃபேன் நின்றுவிட்டது. அடுத்த வளைவுக்குள் பானெட்டிலிருந்து புகை மாதிரி ஆவி!

அப்பா பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். நல்லவேளை, பின்னால் கடைசி பஸ் வந்தது. டிரைவர் இறங்கி ஓடிவந்து, "அண்ணே, கையை வைக்காதீங்க, மூஞ்சி வெந்துடும்" என்று தடுத்தார். "அரை மணி நேரம் ஆறட்டும். சூட்டுல பச்சைத் தண்ணி ஊத்தினா பிளாக்கே விரிசல் விட்டுடும்" என்றும் சொன்னார். அக்காவையும் குழந்தையையும் அம்மாவையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார். முன் சீட்டில் இருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார். அப்பாவும் நானும் மழையில் நின்றோம். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "தப்பு கடைக்காரன்மேல, உன் மேல இல்ல தம்பி" என்றார். அதுதான் என்னை அதிகம் சுட்டது. கடைக்காரர் சொன்னதைச் சரியா தப்பா என்று பார்த்துச் சொல்லத்தானே என்னைப் படிக்க வைக்கிறார்?

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பார்கள். அன்றைக்கு நான் அரை மெக்கானிக். அதன் பிறகுதான் புத்தகத்தையும் நோட்டையும் ஒழுங்காக விரித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மலை கேட்கும் கணக்கு

ஆள், பையோடு எங்கள் வண்டி சுமார் 1,500 கிலோ. அடிவாரத்திலிருந்து மேலே போக ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 47 லட்சம் ஜூல். ஒரு மணி நேரத்தில் ஏறினால், தூக்குவதற்கு மட்டும் சராசரி 4 கிலோவாட். டயர் உராய்வு, கியர் உராய்வு எல்லாம் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் வெப்பத்தில் கால் பங்கு சுமாராகத்தான் வேலையாகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகிறது. மற்றது சைலன்ஸர் வழியே போகிறது. ஆக, தண்ணீருக்குள் இறங்கும் வெப்பம் 7 கிலோவாட்டுக்குக் குறையாது. வீட்டில் குளிக்கத் தண்ணீர் சுட வைக்கும் 1,500 வாட் ஹீட்டர் ஐந்தை ரேடியேட்டருக்குள் போட்டு ஒரு மணி நேரம் எரியவிட்டது போல!

இந்தச் சூட்டைக் காற்றுதான் கொண்டுபோக வேண்டும். காற்று ரேடியேட்டரைத் தாண்டும்போது 25 டிகிரி சூடாகிறது என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 300 லிட்டர் காற்றாவது வேண்டும். செங்குத்தான இடத்தில் இது இரட்டிப்பாகும். நேர் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்று தானாகவே முகத்தில் அறைகிறது, ஃபேனுக்கு வேலையே கிடையாது. கொண்டை ஊசி வளைவில் 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறோம். பின்னாலிருந்து காற்று அடித்தால் அதுவும் போச்சு. அங்கே முழுப் பாரமும் ஃபேன்மேல்தான்.

இன்னொரு விஷயம். எங்கள் மலை உச்சியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும். மேலே 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகிறது என்று அம்மா சொல்வதும் இதனால்தான். ரேடியேட்டருக்குக் குக்கர் மாதிரி அழுத்தமுள்ள மூடி இருப்பதும் இதற்காகத்தான். 7 பவுண்டு மூடி சரியாகப் பிடித்தால் எங்கள் உயரத்திலும் 108 டிகிரி வரை தாங்கும். ரப்பர் நைந்த மூடி என்றால் 96தான்! நூற்றுச் சில்லறை ரூபாய் மூடியில் 12 டிகிரி போகிறது. அதைப் பார்க்காமல் நான் ஃபேனை மாற்றச் சொன்னேன்.

இரண்டு ஃபேனுக்கும் உள்ள குணம்

எஞ்சின் ஃபேன் வாட்டர் பம்ப் தண்டிலேயே மாட்டியிருக்கும். பெல்ட் சுற்றினால் அதுவும் சுற்றும். எஞ்சின் எவ்வளவு வேகமோ அதற்கேற்ப அதன் வேகம். மலையில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் எஞ்சின் அலறிக்கொண்டு சுற்றும்போது ஃபேனும் அதே வேகத்தில் காற்றை இழுக்கும். சூடு கூடும் நேரத்தில் காற்றும் கூடுகிறது. மலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எது? ஒயர் இல்லை, சுவிட்ச் இல்லை, மழையில் நனைந்தால் கவலை இல்லை.

குறையும் உண்டு. ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் காற்று இரண்டு மடங்குதான் கூடும். அது தின்னும் சக்தியோ எட்டு மடங்காகும். நேர் ரோட்டில் வேகமாகப் போகும்போது தேவையில்லாமல் சுற்றிச் சக்தியை வீணாக்கும். சேலம் டவுன் சிக்னலில் வண்டி நிற்கும்போதோ, ஐடிலில் மெதுவாகச் சுற்றிக் காற்று போதாமல் சூடாகும்.

எலெக்ட்ரிக் ஃபேன் இதற்கு நேர் எதிர். எஞ்சின் எப்படி ஓடினாலும் அதன் வேகம் ஒன்றுதான். சிக்னலில் நிற்கும்போது அது கெட்டிக்காரன். தேவையில்லாதபோது தூங்கும். டவுனுக்குள்ளேயே ஓடும் பழைய பத்மினிக்கு அதைப் போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மலையில் எஞ்சின் மூச்சு வாங்கும்போதும் அது அதே அளவுதான் ஊதும்.

"அப்படியானால் புதுக் காரில் எல்லாம் ஏன் எலெக்ட்ரிக்?" என்று கேட்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் ஏமாந்தேன். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800ஐ எண்ணிப் பாருங்கள். அதில் எஞ்சின் குறுக்காகப் படுத்திருக்கும். பெல்ட் பக்கம் காரின் பக்கவாட்டில் இருக்கும், ரேடியேட்டரோ முன்னால். பெல்ட்டால் ஃபேன் சுற்ற வழியில்லை, மோட்டார் வைத்தே ஆக வேண்டும். அந்தக் காருக்கு ஏற்ற பெரிய ஆல்டர்னேட்டரும் சூடறிந்து போடும் சுவிட்சும் தொழிற்சாலையிலேயே கணக்குப் போட்டு வைத்தவை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த அம்பாசடரில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கிறது. ஃபேன் நேராக ரேடியேட்டரைப் பார்க்கிறது. ஒரு வண்டியின் உறுப்பைப் பிடுங்கி இன்னொன்றில் வைத்தால் அதைச் சுமக்கும் உடம்பும் வேண்டும் அல்லவா?

டைனமோ அழுத கதை

அந்த உடம்பு எங்கள் வண்டிக்கு இல்லை. அதில் பழைய டைனமோ. நன்றாகச் சுற்றினால் 20 ஆம்பியர் சுற்றளவு தரும். ஐடிலில் ஒன்றுமே தராது. அன்றைய ராத்திரிச் செலவைப் பாருங்கள். ஹெட்லைட் இரண்டும் 9 ஆம்பியர், ஃபேன் 10, இக்னிஷன் 4, வைப்பர் 3, மற்ற விளக்குகள் 2. கூட்டினால் 28! வரவு 20, செலவு 28. மீதி 8 ஆம்பியரை பேட்டரி கடன் கொடுத்துக்கொண்டே வந்தது. வெளிச்சம் மங்கியதன் காரணம் இதுதான். இந்தக் கூட்டலை ஐந்தாம் வகுப்புப் பையன் போடுவான். டிப்ளமோ படிக்கும் நான் போடவில்லை.

அதற்கு மேல், 10 ஆம்பியரை ரிலே இல்லாமல், ஃபியூஸ் இல்லாமல், மெல்லிய ஒயரில் நேராகச் சுவிட்ச் வழியே விட்டார்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் இன்னும் அதிகம். சுவிட்ச் உருகாமல் என்ன செய்யும்?

எலெக்ட்ரிக் ஃபேன்தான் போட வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடுங்கள். ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கம், இழுக்கும்படி வையுங்கள். முன்னால் வைத்துத் தள்ள விட்டால், வண்டி ஓடும்போது வரும் காற்றையும் அதுவே மறைக்கும். தள்ளும் ஃபேனை அப்படியே திருப்பி இழுக்க வைக்காதீர்கள். இறக்கையின் வளைவு ஒரு பக்கத்துக்குத்தான் செய்தது. ஃபியூஸ், ரிலே, தடித்த ஒயர் மூன்றும் கட்டாயம். கையால் போடும் சுவிட்சை நம்பாமல், 90 டிகிரி சுமாருக்குத் தானே போடும் சுவிட்ச் வையுங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் பக்கம் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அதைக் கவனிக்காமல் ஒயர் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும்.

லாரிகளில் இருக்கும் பிசுபிசு எண்ணெய் கிளட்ச் ஃபேனைச் சிலர் சொல்வார்கள். சூடானால் பிடிக்கும், ஆறினால் நழுவும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் அதன் எடையை அம்பாசடரின் சின்ன வாட்டர் பம்ப் பேரிங் தாங்குமா என்று பார்க்க வேண்டும். நான் போட மாட்டேன்.

நோய் எங்கே இருந்தது?

தீபாவளி லீவில் நானும் அப்பாவும் உட்கார்ந்தோம். ரேடியேட்டரைக் கழற்றி, நாமக்கல்லில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். மேல் தட்டைப் பிரித்துக் காட்டினார். பாதிக் குழாய்க்குமேல் வெள்ளையாக உப்பு அடைத்திருந்தது. கீழே போகும்போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றியதன் பலன். ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி எடுத்தார். ஆக, வண்டிக்கு ரத்தக் குழாய் அடைப்பு. நான் கொடுத்த மருந்து மூக்குக்கு விசிறி!

தெர்மாஸ்டாட்டை அடுப்பில் தண்ணீரில் தொங்கவிட்டு, லேப் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்ன சாமி, பித்தளையைப் போட்டுக் குழம்பு வைக்கிறியா?" என்றார். 82 டிகிரியில் அழகாகத் திறந்தது. அதை வண்டியிலேயே திரும்ப மாட்டினோம். சூடானால் தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிவது பல கடைகளில் வழக்கம். அடைப்பை அது சரி செய்யாது. மலை இறங்கும்போது எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்து, பெட்ரோலைக் குடித்து, சிலிண்டர் தேயும்.

பழைய எஞ்சின் ஃபேனைத் துடைத்து மாட்டினோம். பெல்ட்டை அமுக்கினால் அரை அங்குலம் இறங்கும்படி இறுக்கினோம். புது மூடி. ஃபேனைச் சுற்றித் தகட்டில் ஒரு வளையக் கூடு அடித்தேன். இதைத்தான் ஷ்ரவுட் என்கிறோம். கூடு இல்லாவிட்டால் இறக்கை ஓரத்தில் காற்று திரும்பிச் சுற்றி வரும், ரேடியேட்டரின் மூலைகளுக்குக் காற்றே போகாது. நம் ஷீட் மெட்டல் வகுப்பில் கற்றது முதல் முறையாக வீட்டுக்கு உதவியது. எல்லாச் செலவும் சேர்த்து அந்த ஃபேனுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. பிறகு மலை ஏறினோம். நாற்பத்து மூன்றாவது வளைவில் அப்பா வண்டியை மெதுவாக்கி முள்ளைக் காட்டினார். நடுவில் நின்றது.

என் கருத்து

எங்கள் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தினான் என்று சங்கப் பாடல் சொல்கிறது. ரேடியேட்டர் சூட்டுக்கு அப்படி ஒரே அம்பு கிடையாது. மூடி, பெல்ட், குழாய் அடைப்பு, ஹோஸ், தெர்மாஸ்டாட், டைமிங், ஹெட் கேஸ்கெட் என்று வரிசையாகப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் ஃபேனுக்கு வர வேண்டும். ஃபேனுக்கு வந்தால், மலை வண்டிக்கு எஞ்சின் ஃபேனும் நல்ல கூடும்தான் என் ஓட்டு. டவுன் வண்டிக்கு எலெக்ட்ரிக் இருக்கட்டும்.

நம் மாணவர் பேரவைக்கு மூன்று கோரிக்கைகள். ஒன்று, நம் ஒர்க்‌ஷாப்பில் பழைய ரேடியேட்டர் ஒன்றையும் இருவகை ஃபேனையும் வைத்து ஒரு சோதனை மேடை அமைக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கும் அந்த 3,500 ரூபாய் ஃபேனை நானே கொண்டுவந்து தருகிறேன். இரண்டு, மாதம் ஒரு சனிக்கிழமை பழைய வண்டிகளுக்கு இலவச ரேடியேட்டர் சோதனை முகாம் நடத்த வேண்டும். மூன்று, "மலை ஏறுமுன் பார்க்க வேண்டியவை" என்று தமிழில் ஒரு பலகை எழுதி, அனுமதி பெற்றுக் காரவள்ளியில் வைக்க வேண்டும். சூடான மூடியைத் திறக்காதே என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். நாம் சொன்னால் நம் வீட்டில் எதிர்க் கேள்வி கேட்க ஆள் இல்லை. அப்பா பணத்தை எடுத்து நீட்டிவிடுவார். அதனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், தெரிந்ததையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கவும் நாம்தான் பழக வேண்டும். பேப்பரில் தப்பாகப் போட்டால் மார்க் போகும், அரியர் எழுதிக்கொள்ளலாம். மலையில் தப்பாகப் போட்டால் ஆறு நாள் குழந்தை மழையில் நிற்கும்.

அந்தக் குழந்தை இப்போது தவழ்கிறது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால் கை தட்டுகிறது. அப்பா இன்னும் "தம்பி, நீ சொல்லு" என்றுதான் கேட்கிறார். "இருங்கப்பா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்கிறேன்.